கேட்டது எழுத்து, வருவது அழைப்பு

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெருங்களத்தூர் பக்கத்திலோ புதிதாக எழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இணையப் பக்கத்தைத் திறந்தால், முகப்பில் நீச்சல் குளத்தின் படமும் அதன்மேல் 'பிரவுச்சர் டவுன்லோடு' என்ற பொத்தானும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பிரவுச்சர் வராது, ஒரு படிவம் வரும். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பட்ஜெட் எவ்வளவு, எத்தனை மாதத்தில் வாங்க உத்தேசம் என்று கேட்கும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம்: இந்த நிறுவனமும் அதன் பிரதிநிதிகளும் தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் வழியாக என்னைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்; என் எண் டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்தோர்) பட்டியலில் இருந்தாலும் இந்தச் சம்மதம் செல்லும். அந்த வாசகத்தின் பக்கத்துக் கட்டத்தில் பல நேரங்களில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கும். ஓடிபி வந்து எண் சரிபார்க்கப்படும். சில நிமிடங்களில் கைபேசி ஒலிக்கும்: "சார், நம்ம ப்ராஜெக்ட் பத்தி என்கொயரி பண்ணியிருந்தீங்க, எவ்ளோ பட்ஜெட் பாக்குறீங்க?" மாலையில் வேறொரு எண், மறுநாள் இன்னொன்று. சனிக்கிழமை சைட் விசிட்டுக்கு கேப் அனுப்பட்டுமா என்று ஒரு குரல். வேண்டாம் என்று சொன்னதை அடுத்து அழைப்பவர் அறிந்திருப்பதில்லை. கேட்காத இரண்டு மூன்று திட்டங்களிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கியிருக்கும்.

இதை நாம் பெரும்பாலும் தொல்லைக் கணக்கில்தான் வைக்கிறோம். மதியத் தூக்கம் கெடுகிறது, அலுவலகக் கூட்டம் நடக்கும்போது போன் அடிக்கிறது, எண்ணை பிளாக் செய்ய வேண்டியிருக்கிறது. அவையெல்லாம் உண்மை. ஆனால், தொல்லை என்று மட்டும் பார்த்தால் இதில் நிகழும் பெரிய இழப்பு கண்ணில் படாது. பிரவுச்சர் கேட்பவர் ஓர் எழுத்தாவணத்தைக் கேட்கிறார். தம் வசதிப்படி படித்து, வீட்டாரிடம் காட்டி, இன்னொன்றோடு ஒப்பிட்டு, நாளைக்கு 'இப்படித்தானே சொன்னீர்கள்' என்று நீட்டக்கூடிய ஒன்றைக் கேட்கிறார். அவருக்குக் கிடைப்பது ஒரு பேச்சு. அந்தப் பேச்சின் நேரத்தையும் வரிசையையும் விற்பவர் முடிவு செய்கிறார். பேசி முடித்தபின் வாங்குபவர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எழுத்தில் பொறுப்பேற்க வேண்டிய இடத்திலிருந்து பொறுப்பை நிறுவ முடியாத இடத்துக்கு உரையாடலை நகர்த்துவதுதான் அந்தப் படிவத்தின் உண்மையான வேலை என்பது இக்கட்டுரையின் வாதம். ஆகவே, எழுத்துக்கான வேண்டுகோளைப் பேச்சுக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

சட்டத்தின் பார்வையில் பிரவுச்சர் எவ்வளவு கனமானது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். ரெரா என்று எல்லோரும் குறிப்பிடும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விளம்பரத்தையும் விளக்க ஏட்டையும் விற்பவரின் வாக்குறுதியாகவே கருதுகிறது. அதன் 12ஆவது பிரிவின்படி, விளம்பரத்திலோ விளக்க ஏட்டிலோ மாதிரி வீட்டிலோ கண்ட தகவலை நம்பி முன்பணம் கட்டியவர், அத்தகவல் பொய்யென்று தெரிந்து நஷ்டப்பட்டால் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். 11ஆவது பிரிவின்படி, விளம்பரத்திலும் விளக்க ஏட்டிலும் திட்டத்தின் ரெரா பதிவு எண்ணும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதே பிரிவு, ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் வைத்து, எத்தனை வீடுகள், என்ன வகை, எவ்வளவு கார்ப்பெட் ஏரியா என்பதை வெளியிடவும், அவற்றில் எத்தனை பதிவாகிவிட்டன என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் சொல்கிறது. இப்போது தொலைபேசியில் வழக்கமாகக் கேட்கும் ஒரு வாசகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: "சார், அந்த டவர்ல ரெண்டே ரெண்டு ஃபிளாட்தான் இருக்கு, ஞாயித்துக்கெழமைக்குள்ள டோக்கன் போட்டாதான் இந்த ரேட்." இது எழுத்தில் இருந்தால் ஆணையத்தின் பக்கத்தோடு ஒப்பிடலாம், பொய்யென்றால் கேள்வி கேட்கலாம். குரலில் சொல்லும்போது, கேட்டவரின் நினைவில் மட்டுமே அது இருக்கிறது. முகவர் வாய்மொழியாகப் பொய் சொல்வதையும் 10ஆவது பிரிவு தடுக்கிறதே என்று கேட்கலாம். தடுக்கிறது. ஆனால், எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த எண்ணிலிருந்து, யார் பேசினார்கள் என்பதே தெரியாதபோது அந்தத் தடையை நம்பி ஒருவர் எப்படி வழக்காடுவார்?

விற்பவர் தரப்பில் இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் நடப்பது புரியாது. விற்பனைத் துறையில் படிவத்தை நிரப்பியவரின் பெயர் 'லீட்'. அது ஒரு சரக்கு. அதற்கு விலை உண்டு. வீடு தேடும் இணையதளங்களும் சேனல் பார்ட்னர்கள் என்னும் இடைத்தரகர்களும் ஒரே லீட்டைப் பல கட்டுநர்களுக்குக் கொடுப்பது தொழிலின் இயல்பான நடைமுறை. பணம் கொடுத்து வாங்கிய லீட்டை முதலில் பிடிப்பவருக்கே லாபம் என்பதால் எல்லோரும் ஓடுகிறார்கள். இந்த ஓட்டத்துக்கு ஓர் ஆய்வும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 2011 மார்ச் மாத ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஜேம்ஸ் ஓல்ட்ராய்டும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை, அமெரிக்க நிறுவனங்களின் இணைய விசாரணைகளை ஆராய்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்றவர்களுக்கு அதற்கு அடுத்த மணி நேரத்தில் முயன்றவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கும், 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களைவிட 60 மடங்குக்கு மேலும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று கண்டது. இந்த எண்களை விற்பனைப் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால், எதற்கான வாய்ப்பு? முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரோடு பொருட்படுத்தத்தக்க ஓர் உரையாடல் அமைவதற்கான வாய்ப்பு. வாங்கியவர் பின்னால் மகிழ்ந்தாரா, தனக்கு ஏற்றதை வாங்கினாரா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அப்படி அளந்ததாக அது சொல்லவும் இல்லை. கேட்டவர் இன்னும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காத முதல் ஒரு மணி நேரத்தில்தான் அவரைப் பேச்சில் பிடிப்பது எளிது என்று அந்த எண்களை என்னால் வாசிக்க முடிகிறது. ஒப்பிடும் அவகாசம் வாங்குபவருக்கு எந்த அளவு நல்லதோ, அந்த அளவு விற்பவருக்கு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி சம்மதத்துக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வேண்டாத அழைப்புகளுக்கு எதிரான முதல் விதிமுறைகளை 2007இல் கொண்டுவந்தது. 2010இல் அவை மாற்றி எழுதப்பட்டன. வங்கி, மனை விற்பனை, கல்வி, மருத்துவம் என்று துறைவாரியாக அழைப்புகளை மறுக்கும் வசதி வந்தது. 2018 ஜூலையில் வந்த இப்போதைய விதிமுறைகள், விளம்பரம் அனுப்புபவர்களும் டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்களும் அவர்கள் பெறும் சம்மதங்களும் ஒரு பொதுவான மின்பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்றன. இந்த வளர்ச்சியில் ஒரு திறப்பு மட்டும் எப்போதும் அடைபடாமல் இருந்தது. டிஎன்டியில் பதிந்தவரும் தானே சம்மதம் கொடுத்தால் அவரை அழைக்கலாம். கொள்கையளவில் இது நியாயமானது. ஒருவர் விரும்பிக் கேட்டதைத் தடுக்க ஒழுங்குமுறைக்கு வேலை இல்லை. நடைமுறையில், பிரவுச்சர் படிவத்தின் அடியிலிருக்கும் பொடி எழுத்து இந்தத் திறப்புக்குள் புகுந்துகொண்டது. 2024 ஜனவரி முதல் ஜூன் வரையிலான ஆறு மாதங்களில், பதிவு செய்யாத டெலிமார்க்கெட்டர்களுக்கு எதிராக மட்டும் 7.9 லட்சத்துக்கு மேல் புகார்கள் வந்ததாக டிராய் அறிவித்தது. இப்படிப்பட்டவர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி அதே ஆண்டு ஆகஸ்டில் டிராய் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன, 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பெரிய எண்கள்தான். ஆனாலும் அவை குற்றம் நடந்தபின் எடுத்த கணக்கு. சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்ற இடத்தில் கை வைக்காதவரை துண்டிக்கப்படும் எண்களுக்குப் பதில் புதிய எண்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த இடத்தில் கை வைக்கும் முயற்சி டிராய் விதிமுறைகளுக்கு 2025 பிப்ரவரி 12 அன்று வெளியான திருத்தத்தில் தெரிகிறது. நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனையை முடிப்பதற்காக ஒருவர் தரும் சம்மதம் 7 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்கிறது அது. விலகிக்கொண்டவரிடம் 90 நாட்களுக்கு மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது. அமெரிக்காவின் டெலிமார்க்கெட்டிங் விதியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கறாரானது என்று தெரியும். அங்கே தேசிய 'அழைக்காதே' பட்டியலில் இருப்பவரும் ஒரு பொருளைப் பற்றி விசாரித்துவிட்டால், நிறுத்தச் சொல்லும்வரை அந்த நிறுவனம் மூன்று மாதம் அழைக்கலாம். ஜெர்மனி வேறு வழியில் போயிருக்கிறது. தொலைபேசி விளம்பரத்துக்கு வெளிப்படையான முன்சம்மதம் வேண்டும். 2021 முதல் அந்தச் சம்மதத்தை ஆவணப்படுத்தி 5 ஆண்டுகள் பாதுகாக்கும் கடமையும் அழைப்பவருக்கு உண்டு. நம் திருத்தத்தின் கால வரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால், ஜெர்மானிய விதியின் மையத்தில் இருக்கும் கேள்வி அதைவிட முக்கியமானது: சம்மதம் இருந்ததென்று யார் நிரூபிக்க வேண்டும்? இன்றைய நிலையில் புகார் கொடுத்தவரிடமே 'நீங்கள் எங்காவது படிவம் நிரப்பியிருப்பீர்கள்' என்று சொல்லிவிட முடிகிறது. எந்தப் பக்கத்தில், எந்த நாளில், எந்த வாசகத்தைப் பார்த்து டிக் அடித்தார் என்பதைக் காட்டும் பொறுப்பு அழைப்பவர் தலையில் இறங்கினால், ஒரு லீட்டைப் பத்துப் பேருக்கு விற்கும் வணிகம் தானாகச் சுருங்கும். பத்தாவது ஆளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் திசையில் தெளிவாகவே நிற்கிறது. அதன் 7ஆவது பிரிவில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு, நாம் பேசும் விஷயத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடித் தரும்படி ஒருவர் ஒரு வீட்டுத் தரகருக்குச் செய்தி அனுப்புகிறார். அதற்காகத் தம் விவரங்களையும் கொடுக்கிறார். தரகர் அந்த விவரங்களை வீடு தேடவும் கிடைத்ததைத் தெரிவிக்கவும் பயன்படுத்தலாம். பிறகு அவர் 'இனி வேண்டாம்' என்கிறார். அந்தக் கணத்திலிருந்து தரகர் அவருடைய விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தோடு எண்ணின் பயன் முடிகிறது என்பது இதன் சாரம். 6ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒரு பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பக் கைபேசி எண் எதற்குத் தேவை? கோப்பை அந்தப் பக்கத்திலேயே திறக்கலாம் என்றால் மின்னஞ்சல்கூட எதற்கு? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் சொல்ல முயலும் எந்த நிறுவனமும் தன் படிவத்தை மாற்றாமல் இருக்க முடியாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் எளிதானது, 'எண்ணைக் கொடுத்தது நீங்கள்தானே' என்பது. வளர்ந்தவர் ஒருவர் படித்துப் பார்த்து டிக் அடித்தார் என்றால் விளைவையும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால், டிக் அடிக்காதவருக்கு வேறு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். எண் கொடுக்காமல் பிரவுச்சர் கிடைக்காது என்றால் அங்கே நடந்தது தேர்வு அல்ல, நுழைவுக் கட்டணம். சட்டம் பொதுவில் வைக்கச் சொன்ன விவரங்களை நுழைவுக் கட்டணத்துக்குப் பின்னால் வைப்பதற்கு நியாயம் குறைவு. விலை மட்டும் ரெரா பக்கத்துக் கட்டாய விவரங்களில் சேரவில்லை. அதனாலேயே தொலைபேசியில் கடைசிவரை நழுவும் விவரமும் விலைதான். '65 லட்சம் முதல்' என்ற வரிக்குப் பின்னால் கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ், பராமரிப்பு வைப்புத்தொகை, ஜிஎஸ்டி, பத்திரப்பதிவு எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று கேட்டால், 'சைட்டுக்கு வாங்க சார், காஸ்ட் ஷீட் தர்றோம்' என்பதே வழக்கமான பதில்.

கனமான எதிர்வாதம் வேறொன்று. பிரவுச்சர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. யுடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) எவ்வளவு, பில்டப் ஏரியாவுக்கும் கார்ப்பெட் ஏரியாவுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவற்றைப் படித்துப் புரிந்துகொள்வது பலருக்குக் கடினம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு முதன்முறை வீடு வாங்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ சிறு கடைக்காரருக்கோ, தமிழில் பொறுமையாக விளக்கும் ஒரு குரல் பெரிய உதவி. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அழைப்பே வேண்டாம் என்று இங்கே வாதிடவில்லை. ஆனால், இந்த உண்மையிலிருந்து வர வேண்டிய முடிவுகள் இரண்டு: பிரவுச்சர் தமிழிலும் இருக்க வேண்டும், 'என்னை அழையுங்கள்' என்பதற்குத் தனியாக ஒரு கட்டம், விரும்பும் நேரத்தோடு, இருக்க வேண்டும். விளக்கம் தேவைப்படுபவர் அதை நிரப்புவார். அழைப்பு அவருக்குச் சேவை. நிரப்பாதவருக்கும் அதே அழைப்பைச் செய்துவிட்டு, உதவி தேவைப்பட்டவரைக் காரணம் காட்டுவது சரியல்ல.

டெலிகாலர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. கல்லூரி முடித்த இளைஞர்கள் பலர், பெண்கள் ஏராளமானோர், ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்ற இலக்கோடு இந்த வேலையில் இருக்கிறார்கள். நாள் முழுக்க அவர்கள் வாங்கும் வசவு, பேச விரும்பாதவர்களை அழைக்கும்படி வேறு யாரோ எடுத்த முடிவின் பலன். அவர்களிடம் எரிந்து விழுவதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் அவர்களில் பலருக்குக் கிடையாது. அழையுங்கள் என்று கேட்டவர்களை மட்டும் அழைக்கும் முறை வந்தால் அழைப்புகளின் எண்ணிக்கை குறையும், சில வேலைகளும் குறையலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கண்ணியமாகப் பேசப்படும் வேலை மிஞ்சும். இப்போதைய முறை, தெரியாத எண்ணை எடுப்பதையே மக்கள் கைவிடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கூரியர்காரரின் அழைப்பும், மருத்துவமனையின் அழைப்பும், வேலைக்கான நேர்காணல் அழைப்பும் அதில் தவறிப்போகின்றன. தொலைபேசிமீது இருந்த பொது நம்பிக்கையைச் சில துறைகள் தம் லாபத்துக்காகச் செலவழிக்கின்றன என்பதைப் பிழைப்பின் பெயரால் ஏற்க முடியாது.

'பிளாக் செய்துவிட்டுப் போகலாமே' என்பவர்களுக்குச் சொல்ல நிறைய இல்லை. எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிளாக் செய்வது அந்த ஓர் எண்ணை மட்டுமே நிறுத்துகிறது. அதைவிடப் பயனுள்ள வழிகள் இப்போது உண்டு. விளம்பர அழைப்புகள் 140 வரிசை எண்களிலிருந்தே வர வேண்டும். சாதாரண 10 இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வரும் விற்பனை அழைப்பு பார்த்த மாத்திரத்திலேயே விதிமீறல். 2025 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்யாத இப்படிப்பட்டவர்கள்மீது புகார் கொடுக்க, டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் எண், தேதி, என்ன பேசினார்கள் என்ற சுருக்கம் ஆகியவற்றோடு 1909க்கோ டிராயின் டிஎன்டி செயலியிலோ தெரிவித்தால் போதும். முன்பு ஒரு வாரத்தில் 10 புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது 10 நாட்களில் 5 புகார்கள் போதும். தனியொருவரின் புகாருக்கு இருந்த எடை இதனால் இரட்டிப்பாகியிருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ ஒரு வரியாக எழுதி அனுப்புவது நல்லது. அழைத்தவர் சொல்லும் விலையையும், மீதமுள்ள வீடுகளின் எண்ணிக்கையையும், ஒப்படைக்கும் தேதியையும் 'இதையே எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று கேட்பது அதைவிட நல்லது. அனுப்பினால் வாங்குபவர் கையில் ஓர் ஆவணம் இருக்கும். அனுப்பாவிட்டால் அந்தத் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று தெரிந்துவிட்டது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. மீறலுக்கு 50 கோடி ரூபாய் வரையிலும், பாதுகாப்பில் தவறி விவரங்கள் கசிந்தால் 250 கோடி வரையிலும் அபராதம் விதிக்கலாம். அதுவரையிலான காலத்தில் நிறுவனங்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிது. பிரவுச்சரைப் பூட்டில்லாமல் வைப்பது. முன்கூட்டியே விழுந்த டிக்கை எடுத்துவிடுவது. அழைப்புக்கான சம்மதத்தைத் தனி வரியில், நிறுவனத்தின் பெயரோடு, கால வரம்போடு கேட்பது. 'இனி அழைக்க வேண்டாம்' என்பதற்கும் அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு பொத்தான் வைப்பது. மனை விற்பனைக்கு மட்டுமல்ல, கட்டண விவரம் கேட்டவரின் பெற்றோரைச் சேர்க்கை முடியும்வரை விடாது அழைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும், பிரீமியம் எவ்வளவென்று பார்த்தவரைத் துரத்தும் காப்பீட்டு இணையதளங்களுக்கும் இந்த நான்கும் பொருந்தும்.